அரசமரத்தில் கட்டிய தொட்டில்

எங்கள் சித்தி எனக்குத்தான் சொந்தம். சித்தப்பா தாலி கட்டிக் கூட்டிக்கொண்டு வந்தார் என்பதெல்லாம் சும்மா ஒரு பேச்சுக்கு. எனக்குத் தலை பின்னுவது சித்தி, சோறு பிசைந்து ஊட்டுவது சித்தி, இடி இடித்தால் நான் ஓடிப்போய் ஒட்டிக்கொள்வதும் சித்தியிடம்தான். அம்மாவைத் தம்பி பிறந்த அன்றே அவனுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. மிச்சம் இருந்தது சித்தி ஒருத்திதான், அவளையும் விட்டுக்கொடுக்க நான் என்ன பைத்தியமா?

மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும் மணக்கிற சந்தில் எங்கள் வீடு. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது சித்தி தன் கூரைப்புடவையின் முந்தானையை வெட்டிக்கொண்டிருந்தாள். எனக்குப் பகீரென்றது. என் பொம்மைக்குப் பாவாடை தைக்க அதில் ஒரு துண்டு கேட்டுக் கால் பிடித்து அழுதிருக்கிறேன். தரவே இல்லை.

"யாருக்கு இது?"

"ஒரு குட்டிப் பாப்பாவுக்கு."

"எந்தப் பாப்பா?"

"இனிமேதான் வரணும்டி."

வராத பாப்பாவுக்குக் கூரைப்புடவை! ஏற்கெனவே வந்து ஏழு வருஷமாக இவள் காலைச் சுற்றிக்கொண்டு கிடக்கிற எனக்கு ஒரு சாண் துணி கிடையாது. அந்தப் பாப்பா எங்கே இருக்கிறாள் என்று தெரிந்திருந்தால் போய்க் கிள்ளிவிட்டு வந்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் படகேறி ஆற்றங்கரைப் பூங்காவுக்குப் போனோம். எனக்குப் பிடித்த இடம்தான். சேற்றிலிருந்து விரல் விரலாக வேர் நீட்டும் கண்டல் காடு, பாசி படிந்த பழைய படகுத்துறை, நாகதெய்வத்துக்கு விட்ட தோப்பென்று ஒரு சுள்ளியைக்கூட யாரும் ஒடிக்காத பாம்புக்காவு. ஒவ்வொரு மரத்திலும் மலையாளத்தில் பெயர்ப்பலகை இருக்கும். வீட்டில் தமிழ் பேசினாலும் வாசிக்கத் தெரிந்தது மலையாளம்தான் என்பதால், பலகைகளை நான்தான் உரக்கப் படித்துக் காட்டுவேன். அன்றைக்கு வாயே திறக்கவில்லை.

கரையோரத்தில் அரசும் வேம்பும் பின்னி வளர்ந்து நிற்கும். பிள்ளை வேண்டுமென்று நேர்ந்துகொண்டு அதில் தொட்டில் கட்டுவது எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் வழக்கம். அம்மா இதை எனக்கு விளக்கிச் சொன்னாள். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன்.

சித்தி கிளையில் அந்தக் கூரைப்புடவைத் துண்டைத் தொட்டிலாகக் கட்டும்போது காவல்கார சேட்டன் வந்தார். விரட்டுவார் என்று ஆசையாகப் பார்த்தேன். அந்த மனுஷனோ, "முறுக்கிக் கெட்டண்டா சேச்சி, கொம்பினு வேதனிக்கும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இறுக்கிக் கட்டினால் கிளைக்கு வலிக்குமாம்! சித்தி முடிச்சைத் தளர்த்தினாள். விரல் நீளத்தில் ஒரு மரப்பொம்மையைத் தொட்டிலில் படுக்க வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஆட்டினாள். சித்தப்பா பக்கத்திலேயே வராமல் தூரத்தில் நின்று மொபைலில் மீன்கொத்தியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

பெரியவர்கள் பாம்புக்காவுப் பக்கம் நகர்ந்ததும் நான் வேரின் மேல் ஏறினேன். பொம்மையை வெளியே எடுத்தேன். என் பின்னலில் இருந்த சிவப்பு ரிப்பனை உருவி, சுருட்டி, அந்த இடத்தில் வைத்தேன்.

திரும்பி வந்த சித்தி என் தலையைத்தான் முதலில் பார்த்தாள். "ரிப்பன் எங்கடி?"

தொட்டிலைக் காட்டினேன். "அந்த இடம் எனக்காக்கும். உனக்கு நான் போதும். வேற யாரும் வரவேண்டாம்!"

"எதுல விளையாடுறதுன்னு கிடையாதா, சனியனே!" என்று அம்மா கையை ஓங்கினாள். சித்தி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்கக்கா. இருக்கட்டும்."

பொம்மையை என்னிடமிருந்து வாங்கினாள். உள்ளே வைக்கச் சொல்லி அம்மா தவித்தாள். சித்தி அதைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, ரிப்பன் கிடந்த தொட்டிலை இன்னொரு தடவை மெல்ல ஆட்டிவிட்டாள்.

படகில் சித்தி மடி எனக்குத்தான். உச்சந்தலையில் சொட்டுச் சொட்டாக ஈரம் விழுந்தது. நிமிர்ந்து கேட்டபோது, தண்ணீர் தெறிக்கிறது என்றாள். நாங்கள் இருந்தது நடு இருக்கையில். எதிரே அம்மா மடியில் தூங்கிய தம்பியை, எனக்கும் ஆள் இருக்கிறது என்பதுபோல் ஒரு பார்வை பார்த்தேன்.

அந்தப் பாப்பா வரவில்லை. அடுத்த வருஷமும் வரவில்லை. அதற்கப்புறம் வீட்டில் அந்தப் பேச்சே நின்றுபோனது. பந்தயத்தில் ஜெயித்தவளாட்டம் நான் திரிந்தேன். ஒரு நாள் காலையில் தலை பின்னும்போது பெருமை தாங்காமல் சொல்லியும்விட்டேன்: "பாத்தியா சித்தி, என்னைக் கண்டு அந்தப் பாப்பா பயந்து ஓடிப்போச்சு!"

சித்தி சிரித்தாள். "ஆமாண்டி, உன்னைக் கண்டா யாருக்குத்தான் பயமில்லை," என்றபடி முடியை இழுத்துப் பின்னினாள். அன்றைக்குப் பின்னல் வழக்கத்தைவிட இறுக்கமாக இருந்தது.

"வலிக்குது சித்தி!" என்று கத்தினேன். வலி என்று எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.