ரோசாம்மாவின் நாற்பது நாள்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வந்த வேகத்தில் ஒரு மனு எழுதி, நகல் எடுத்து, பதிவுத் தபாலில் சேர்த்ததும் ஆறிவிடும். ரோசாம்மாவின் கோபம் அந்த ரகமில்லை. பத்து வருடம் ஆறாமல் கிடந்த கோபம் அது. அதனால்தான் அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் தெய்வசிகாமணி. அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றேன். இப்போது ரொட்டி பால் ஊழியர் சங்கத்துக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா ஒருவரின் வீட்டு மாடியில்தான் எங்கள் சங்க அலுவலகம். கீழே அவர் மாதாமாதம் பென்ஷனை எண்ணிக்கொண்டிருப்பார். மேலே நாங்கள் பென்ஷனே இல்லாதவர்களுக்காகக் கத்திக்கொண்டிருப்போம்.

புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் காலையில் பிள்ளைகளுக்கு ரொட்டியும் சூடான பாலும் கொடுக்கிறார்கள் இல்லையா, அந்தப் பாலைக் காய்ச்சி ஊற்றுகிறவர்கள்தான் ரொட்டி பால் ஊழியர்கள். பெயரில்தான் ஊழியர், வாங்குவது தினக்கூலி. ரோசாம்மா பதினெட்டு வருடம் ஒரே பள்ளியில் பால் ஊற்றினாள். கணவர் கிறிஸ்துதாஸ் சின்ன வயதிலேயே போய்விட்டார். ஒரே மகள், பிரிஸ்கில்லா.

பத்து வருடத்துக்கு முன்பு ரோசாம்மாவின் தொகுதியில் கமலக்கண்ணன் என்பவர் எம்.எல்.ஏ. ஆனார். தொகுதியின் பெயரைச் சொல்ல மாட்டேன். எங்கள் ஊர்த் தொகுதிகள் கைக்குட்டை அளவு. பெயரைச் சொன்னால் வீட்டு எண் வரைக்கும் சொன்ன மாதிரி. ஜெயித்த மாதமே, தனக்குத் தேர்தல் வேலை செய்யவில்லை என்று அவர் சந்தேகப்பட்ட பதினேழு ரொட்டி பால் ஊழியர்களை நிறுத்திவிட்டு, அந்த இடங்களில் தன் ஆட்களை உட்கார வைத்தார். அந்தப் பதினேழு பேரில் ரோசாம்மாவும் ஒருத்தி.

மகளைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டு வாசலுக்குப் போனாள். காலை ஏழு மணிக்குப் போனவளைப் பன்னிரண்டு மணி வரை நிற்க வைத்தார். பிறகு நாற்பது பேர் முன்னால் சொன்னார்.

"எவனுக்கு ஓட்டுப் போட்டியோ அவங்கிட்டப் போயி ரொட்டி கேளும்மா. என் வாசல்ல நிக்காத."

கூட்டம் சிரித்தது. அந்தக் கூட்டத்தில் பிரிஸ்கில்லாவோடு படிக்கிற பெண்களின் அப்பாக்களும் இருந்தார்கள். பதினான்கு வயதுப் பெண் ஒரு வாரம் பள்ளிக்கூடப் பக்கமே போகவில்லை. இதில் பெரிய கூத்து, அந்தத் தேர்தலில் ரோசாம்மா ஓட்டுப் போட்டது கமலக்கண்ணனுக்குத்தான். அதை அவள் அந்த வாசலில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேலை கிடைத்திருக்கும், தன் மேலேயே காறித் துப்பிக்கொண்ட மாதிரியும் இருந்திருக்கும் என்று பின்னால் என்னிடம் சொன்னாள்.

சங்கம் சாலையில் உட்கார்ந்தது. இரண்டு மாதத்தில் பதினேழு பேரையும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். எல்லாரும் மறந்தார்கள். ரோசாம்மா மறக்கவில்லை.

போன வருடம் தினக்கூலிக்காரர்களை நிரந்தரம் ஆக்க அரசு ஒரு மசோதா கொண்டுவந்தது. சங்கம் இருபது வருடமாகக் கேட்டது அது. ஆனால் பதினைந்து வருடம் இடைவெளி இல்லாமல் வேலை செய்தவர்களுக்கு மட்டும்தான் என்று அதில் ஒரு பிரிவு இருந்தது. முந்நூற்றுச் சொச்சம் பேருக்கு அதனால் தொல்லையில்லை. அந்தப் பதினேழு பேருக்குத்தான் நடுவில் இரண்டு மாத ஓட்டை. அந்த ஓட்டையைப் போட்ட கை யாருடையது என்று ஊருக்கே தெரியும்.

சங்கத் தலைவர் இராமதாஸ் நல்ல மனிதர், ஆனால் களைத்துப் போனவர். முந்நூறு பேருக்குக் கிடைப்பதைப் பதினேழு பேருக்காகக் கெடுக்க வேண்டாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். ரோசாம்மா எழுந்து, அப்படியானால் பதினேழு பேரும் தனியாகப் போகிறோம், சங்கம் ஒரு மனு மட்டும் எழுதித் தந்தால் போதும் என்றாள். மனு என் வேலை. எழுதிக் கொடுத்தேன். அது கொஞ்சம் காரமாகவே வந்தது.

அதன் பிறகு இரண்டு மாதம் அவள் அலைந்த அலைச்சலை நான் பார்த்தேன். ஒன்பதரைக்குப் பள்ளியில் டம்ளர் கழுவி முடித்ததும் கிளம்பிவிடுவாள். எந்த எம்.எல்.ஏ. கடற்கரையில் எத்தனை மணிக்கு நடக்கிறார், எவரைப் பூசை முடிந்து கோயில் வாசலில் பிடிக்கலாம், எவர் வீட்டில் அம்மா சொன்னால்தான் எதுவும் நடக்கும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். முப்பது பேரில் இருபத்தொரு பேரிடம் பேசினாள். பதினாறு பேர் அந்த இடைவெளிப் பிரிவை எடுக்கச் சொல்லிச் சபையில் பேசுவதாக வாக்குக் கொடுத்தார்கள். கமலக்கண்ணன் வீட்டுப் பக்கம் மட்டும் அவள் போகவில்லை.

கமலக்கண்ணன் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று மூக்கை நீட்டியே கண்டுபிடிப்பவர். பதினாறு பேர் பேசப் போகிறார்கள் என்று தெரிந்ததும் முந்திக்கொண்டார். சபையில் எழுந்து, அந்தப் பிரிவை நீக்க வேண்டும் என்று அவரே திருத்தம் கொடுத்தார். திருத்தம் நிறைவேறியது. மறுநாள் காலை தெருமுனையில் ஆளுயரப் பேனர்: ரொட்டி பால் ஊழியர்களின் காவலர். ரோசாம்மா நின்று முழுவதும் படித்துவிட்டு வேலைக்குப் போனாள்.

மேலிடத்து ஒப்புதலும் வந்து ஆணைகள் தயாரானதும், எங்கள் ஊர் வழக்கப்படி மேடை போட்டுக் கொடுத்தார்கள். கமலக்கண்ணன் கையால் ஒவ்வொருவருக்கும் ஆணை. ரோசாம்மாவின் முறை வந்தபோது, போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டே, மேடையோரம் நின்ற எனக்கு மட்டும் கேட்கிற அளவில் அவர் மெதுவாகச் சொன்னார்.

"இனிமே நீ கவர்மெண்டு ஸ்டாப்பும்மா. எலெக்சன்ல வாயத் தொறந்தா வேலை போயிடும், பாத்துக்க."

அவர் ஏன் அவ்வளவு ஆர்வமாகத் திருத்தம் கொடுத்தார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. தேர்தல் வரப்போகிறது. நிரந்தர ஊழியர் யாரும் தேர்தல் வேலை செய்யக் கூடாது என்பது விதி. வேலை கொடுத்து எங்கள் வாயை எல்லாம் தைத்துவிட்டார்.

மேடையை விட்டு இறங்கி நேராக என்னிடம் வந்தாள். எப்போது போய்ச் சேர வேண்டும் என்று கேட்டாள். நாற்பத்தைந்து நாளுக்குள் என்றேன்.

"சேராத வரிக்கும் நான் யாருண்ணே?"

"யாருமில்ல. தினக்கூலிப் பட்டியலையும் இன்னியோட மூடிட்டாங்க."

"அப்ப என் வாய் என்னுதுதான்."

மறுநாள் முந்நூறு பேரும் பூ வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள். ரோசாம்மா சேரவில்லை. ஒரு வாரத்தில் தேர்தல் தேதி அறிவித்தார்கள். மேடையில் ஆணை வாங்கிய நாளிலிருந்து எண்ணினால் நாற்பதாவது நாள் வாக்குப்பதிவு. நாற்பத்தொன்றாவது நாள் போய்ச் சேர்ந்துவிடுகிறேன், நாலு நாள் மிச்சம் இருக்கிறது என்றாள். தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் பிரிஸ்கில்லா, வேண்டாம்மா, போதும்மா என்று அழுதாள். இராமதாஸ் வீட்டுக்கே வந்து திட்டினார். நான் திட்டவில்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது.

அவள் எந்தக் கட்சிக் கொடியும் பிடிக்கவில்லை, எந்த ஜீப்பிலும் ஏறவில்லை. வீடு வீடாகப் போனாள். பதினெட்டு வருடம் அவள் கையால் பால் குடித்த பிள்ளைகள் இப்போது மீசையும் தாலியுமாக அந்த வீடுகளில் இருந்தார்கள். ரோசாம்மா வந்திருக்கு என்று நாற்காலி எடுத்துப் போட்டார்கள். அவர்களிடம் வாசலில் நின்ற கதையைச் சொன்னாள். ஓட்டுப் போட்டது அவருக்குத்தான் என்பதையும் இப்போது சொன்னாள். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஒரு நாளைக்கு இருபது வீடு. நான் மூன்று நாள் கூடவே போனேன். வெயிலில் முகம் கறுத்து, குரல் கம்மிப் போய், அந்தக் கதையை முந்நூறாவது தடவை சொல்லும்போதும் அவளுக்கு அலுக்கவில்லை.

கமலக்கண்ணன் ஆள் அனுப்பினார். நோணாங்குப்பம் படகுத் துறையில் பிரிஸ்கில்லாவுக்கு நல்ல வேலை இருக்கிறதாம். வந்தவனை உட்கார வைத்து, அவனுக்கும் அதே கதையைச் சொல்லி அனுப்பினாள்.

வாக்குப்பதிவுக்கு மறுநாள் காலை, புதுச் சேலை கட்டிக்கொண்டு, என்னையும் அழைத்துக்கொண்டு கல்வித்துறை அலுவலகத்தில் சேரப் போனாள். அங்கிருந்த எழுத்தர் அறிவுமதி ஆணையை வாங்கிப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

ஆணையில் போட்டிருந்த தேதி மேடை நடந்த தேதி இல்லை. அதற்கு ஒன்பது நாள் முந்தையது. கையெழுத்தாகி வந்த ஆணைகளை, கமலக்கண்ணனுக்கு வளர்பிறையில் நல்ல நாள் கிடைக்கும் வரை பீரோவில் பூட்டி வைத்திருந்திருக்கிறார்கள். ஆணை எழுதிய நாளிலிருந்துதான் நாற்பத்தைந்து நாளாம். அன்றைக்கு ஐம்பதாவது நாள், ஆணை காலாவதி. எங்கள் ஊரில் யாரும் ஆணையின் தேதியை எண்ணுவதில்லை. எந்த நாள் யார் கையால் வாங்கினோம் என்பதைத்தான் எண்ணுவோம். ஆனால் நான் எழுத்தன். எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் முதலில் தேதியைப் பார் என்று எத்தனையோ பேருக்குச் சொன்னவன். இந்தக் காகிதத்தில் பார்க்கவில்லை. கமலக்கண்ணன் எப்போது தோற்பார் என்ற ஒரே நினைப்பில் நானும் இருந்தேன்.

ஒரு மாதம் கழித்து வாக்கு எண்ணினார்கள். கமலக்கண்ணன் நூற்று அறுபத்து நான்கு ஓட்டில் தோற்றார். அன்று நான் ஒரு பெட்டி லட்டு வாங்கினேன். எனக்கு வெட்கமில்லை.

புது எம்.எல்.ஏ. பார்க்கலாம் அக்கா என்றார். அவர்கள் எல்லாரும் முதலில் சொல்வது அதுதான். தாமதத்தை மன்னித்துச் சேர்த்துக்கொள்ளக் கேட்டு மனு கொடுங்கள், மருத்துவச் சான்று ஒன்று வையுங்கள், பேசிப் பார்க்கிறேன் என்றார். இராமதாஸ் அன்றே டாக்டரிடம் சொல்லி வைத்துவிட்டார். நான் சங்க மாடியில் உட்கார்ந்து, அந்த நாற்பது நாளும் கடும் உடல்நலக் குறைவால் படுக்கையில் இருந்தபடியால் என்று எழுதி, ரோசாம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கையெழுத்துப் போட்டால் வேலை கிடைக்க வழி உண்டு.

பேனாவை வாங்கினாள். அந்த வரியைக் கோடு போட்டு அடித்தாள்.

"நான் படுக்கல. பத்து வருசத்துல அந்த நாப்பது நாளுதான் நான் நல்லா இருந்தேன். அப்படியே எழுதுண்ணே."