டெலக்ஸ் போய்ச் சேர்ந்தது

போன சனிக்கிழமை மத்தியானம், அரை நாள் வேலை முடிந்து கிள்ளான் பஸ் நிலையத்தில் நின்றிருந்தேன். யாரோ வந்து கையைப் பிடித்தான்.

"அண்ணே! என்னைத் தெரியலையா? மணியம்!"

தெரியவில்லைதான். ஆள் பாதியாகியிருந்தான். கன்னம் ஒட்டி, கழுத்து எலும்பு துருத்தி... பதினான்கு மாதங்களுக்கு முன் கப்பலுக்குப் போனவன். அன்று காலைதான் சுபாங் விமான நிலையத்தில் வந்து இறங்கியிருக்கிறான். ஒரு சின்னப் பை, ஒரு ஜோடி சிலிப்பர். அவ்வளவுதான்.

இரண்டு பேரும் ஊருக்குப் போக, கோல சிலாங்கூர் பஸ்ஸில் ஏறினோம். உட்கார்ந்ததும் கேட்டான்:

"அண்ணே, என்ன புள்ள?"

எனக்குப் புரியவில்லை.

"லெட்சுமிக்கு, அண்ணே! ஆம்பளையா பொம்பளையா? என் கணக்குக்கு ஒம்பது மாசம் இருக்கும். தவழுதா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். காரணத்தைச் சொல்கிறேன்.

வாரம் ஒரு முறை இந்தப் பத்தியில் உங்களோடு கதையடிக்கிற நான், மற்ற நாள்களில் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில், இங்கே அடிப்பதை வெளியூர் இயந்திரத்தில் அச்சடித்துக் கொடுக்கும் டெலக்ஸைத் தட்டுகிறவன். மணியமும் நானும் பத்தாங் பெர்ஜுந்தாய்ப் பக்கம் ஒரே தோட்டத்துப் பிள்ளைகள். ஒரே லயத்து வரிசையில் வீடு. அவன் டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமைத்துக்கொண்டிருந்தான். ஒரு கப்பலுக்குச் சமையல்காரன் வேண்டும் என்று எங்கள் ஆபீசுக்கு டெலக்ஸ் வந்தது. 'போடா, உலகத்தைப் பார்த்துட்டு வா' என்று அனுப்பி வைத்தவன் நான்தான். அவன் மனைவி லெட்சுமிக்கு அப்போது நாலு மாதம்.

மூன்றே மாதத்தில் கப்பல் மாட்டிக்கொண்டது. வளைகுடாப் பக்கம் ஒரு துறைமுகம். ஐரோப்பாவில் இருந்த முதலாளி யாருக்கோ கடன் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள, துறைமுகத்தார் கப்பலைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். ஆள்கள் கீழே இறங்கக் கூடாது; இப்போதுதான் அவர்களை ஊருக்கு விட்டிருக்கிறார்கள். கொஞ்ச நாளில் எண்ணெய் தீர்ந்து ரேடியோவும் செத்தது. கடிதம் போட்டாலும் முதலாளி ஆபீஸ் முகவரிக்குத்தான் போட வேண்டும். ஆக, கப்பலோடு பேச ஒரே வழி — எங்கள் டெலக்ஸிலிருந்து அந்த ஆபீஸ் டெலக்ஸுக்கு. அங்கிருந்து யாராவது அந்தத் துறைமுகம் மூலம் கப்பலுக்குச் சொல்ல வேண்டும்.

டெலக்ஸில் ஒரு அழகு உண்டு. நாம் நம்பரைத் தட்டியதும், அந்தப் பக்கத்து இயந்திரம் தன் பெயரைத் தானே அடித்துக் காட்டும். செய்தி முடிந்ததும் மறுபடி அடிக்கும். ஆன்சர்பேக் என்போம். அது வந்துவிட்டால் சேதி போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். கப்பல் வியாபாரமே அந்த ஒரு வரியை நம்பித்தான் ஓடுகிறது. ஆயிரம் டன் பாமாயில் கைமாறுவதும் அதை நம்பித்தான்.

லெட்சுமிக்குப் பெண் குழந்தை பிறந்தது. டெலக்ஸ் அடித்தேன். ஆன்சர்பேக் வந்தது. "போய்ச் சேர்ந்துடுச்சிம்மா" என்றேன். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

இருபத்தாறாம் நாள் குழந்தை காய்ச்சலில் போய்விட்டது.

அதையும் அடித்தேன். 'சமையல்காரர் மணியத்திடம் பக்குவமாகச் சொல்லவும்' என்று ஒரு வரி சேர்த்து அடித்தேன். உடனே ஆன்சர்பேக். பிசிறில்லாமல்!

அதன் பிறகு லெட்சுமி வாரா வாரம் இரண்டு பஸ் மாறி ஆபீசுக்கு வந்தாள். வாசலிலேயே நிற்பாள்.

"அவரு ஏதாச்சும் சொன்னாராண்ணே?"

"இன்னும் இல்லேம்மா."

"ஆனா அவருக்குத் தெரியும்தானே?"

"தெரியும்மா. ரெண்டு தடவையும் போய்ச் சேர்ந்துடுச்சி."

ஏழாவது வாரம் வந்தவள், "புள்ள செத்ததுக்குக்கூட ஒரு வார்த்த சொல்ல முடியல. அப்படிப்பட்ட மனுசன் எனக்கு எதுக்குண்ணே?" என்றாள். பிறகு வரவில்லை. லயத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு செரண்டாவில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பக்கத்து ஃபேக்டரியில் வேலை என்று கேள்விப்பட்டேன்.

இப்போது அவன் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து 'தவழுதா?' என்கிறான்.

"ரெண்டு டெலக்ஸ் போட்டேனே மணியம்" என்றேன் மெதுவாக.

"எங்க போட்டீங்க?"

"உங்க ஓனர் ஆபீசுக்கு."

"அதுக்கா? நாங்க புடிபட்ட அடுத்த மாசமே அத பூட்டிட்டானுங்கண்ணே. கேப்டன் சொன்னாரு. ஒரு ஆளும் இல்லையாம்."

"இல்லையே... ஆன்சர்பேக் வந்துச்சே!"

"கரண்ட வெட்டாம போயிருப்பானுங்க, லா" என்று சிரித்தான். "சரி, என்ன புள்ள? சொல்லுங்கண்ணே."

பஸ் காப்பார் தாண்டியது. ஜெராம் தாண்டியது. பஸ்ஸில் கூட்டம், பக்கத்தில் ஆள்கள், இறங்கியதும் சொல்கிறேன் என்று ஏதோ உளறினேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவனும் பேச்சை நிறுத்திக்கொண்டான். கோல சிலாங்கூரில் பஸ் மாற இறங்கியபோது, ஐஸ் சீவி விற்கிற ஐஸ் கச்சாங் கடைக்குப் பக்கத்தில் நிற்க வைத்துச் சொன்னேன். வேறு எங்கே வைத்துச் சொல்வது?

அழவில்லை. "பேரு வெச்சாங்களாண்ணே?" என்றான்.

"கலைவாணி."

ஒரு முறை அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தான். பிறகு லெட்சுமியைக் கேட்டான். அதையும் சொன்னேன் — வீடு பூட்டியிருப்பதையும், அவள் என்ன நினைத்துக்கொண்டு போனாள் என்பதையும்.

"நான் போய் நின்னா கதவ சாத்திருவா. நீங்க மொதல்ல போங்கண்ணே. நீங்க சொன்னா நம்புவா."

நான் சொன்னால் நம்புவாள். அதுதானே எல்லாவற்றையும் கெடுத்தது?

ஞாயிற்றுக்கிழமை காலை மோட்டார் சைக்கிளில் ரவாங் வழியாக செரண்டா போனேன். லெட்சுமி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பூட்டிய ஆபீஸ், ஆளில்லாத அறை, தானாகப் பதில் அடித்துக்கொண்டே இருந்த இயந்திரம்.

"அப்ப... அவருக்குத் தெரியவே தெரியாதா?"

"நேத்து நான் சொல்லித்தாம்மா தெரியும்."

"நீங்கதானே சொன்னீங்க, போய்ச் சேர்ந்துடுச்சின்னு?"

நான் பொய் சொல்லவில்லை. இயந்திரமும் பொய் சொல்லவில்லை. யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று மட்டும் நான் கேட்கவில்லை. அவள் முகத்தில் அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு கேட்கத் தோன்றவும் இல்லை.

கையிலிருந்த ஈரத் துணியை வாளியிலேயே போட்டாள்.

"ஆறு மாசமா அவர திட்டித் திட்டித்தான்ணே நான் எந்திரிச்சி நடமாடுனேன். இப்ப அதுவும் இல்லேன்னா நான் எத புடிச்சிக்கிட்டு நிக்கிறது?"

வாளியைத் தூக்கிக்கொண்டு, "இப்ப அவர வர வேணாம்னு சொல்லுங்க" என்றாள். "கோவம் இல்லேன்னு சொல்லுங்க. ஆனா வர வேணாம். அவரப் பாத்தா மறுபடி முதல்லேர்ந்து அழணும். எனக்குத் தெம்பு இல்ல."

உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் லயத்துக்குப் போனேன். மணியம் வீட்டைக் கூட்டி, தண்ணீர் தெளித்துத் துடைத்து வைத்திருந்தான். அடுப்பில் சோறு. இரண்டு பேருக்கு வடித்தது போல இருந்தது. அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். இந்த முறை ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. தலையை ஆட்டினான்.

"சாப்பிட்டுப் போங்கண்ணே" என்றான். சாப்பிட்டேன். வேறு என்ன செய்ய முடியும் என்னால்?

திங்கட்கிழமை ஆபீஸ் போனால் மேனேஜர் ஒரே உற்சாகம். சிங்கப்பூரில் ஏதோ கூட்டத்துக்குப் போய் வந்திருக்கிறார். இனி டெலக்ஸ் எல்லாம் பழசாம். கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் டெலிபோன் லைனிலேயே பேசிக்கொள்ளுமாம். கப்பல் எங்கே, சரக்கு எவ்வளவு, பேப்பர் சரியா — எல்லாம் அதுவே கேட்டு, அதுவே பதில் சொல்லிக்கொள்ளுமாம்.

"நடுவுல ஆளே வேணாம், தெரியுமா?" என்றார்.

இதுவரை மட்டும் ஆள் இருந்தாரா என்ன?