மணியின் முகத்தை மூடிய முடி

2009-இல் சிதம்பரத்தில் என் மனைவி முழுகாமல் இருந்தபோது, எங்கள் வழக்கப்படி நான் முடி வெட்டவில்லை, சவரமும் செய்யவில்லை. வீட்டில் யார் மேலும் கத்திரி படக்கூடாது என்று நானாகவே எண்ணி, எங்கள் நாய் மணிக்கும் வெட்டாமல் விட்டேன். அவனுக்குக் கம்பி மாதிரி முரட்டு முடி. ஏழாம் மாதத்தில் முகமே மறைந்துபோனது.

அதன்பிறகு, விளக்கேற்றும் நேரத்தில் மணி வெறும் சுவரைப் பார்த்து உறுமத் தொடங்கினான். பிறகு மெல்லத் திரும்பி, என் மனைவியின் வயிற்றைப் பார்த்து உறுமுவான். நடராஜரை வேண்டிக்கொண்டு அவள் நெற்றியில் திருநீறு பூசினேன். உறுமல் நிற்கவில்லை.

"அதுக்கு என்னமோ தெரியுதுங்க. எங்கயாவது கொண்டுபோய் விட்டுடுங்க" என்று அவள் அழுதாள்.

ஸ்ரீமுஷ்ணம் பக்கம் விட்டுவிடலாம் என்று நான் சங்கிலியை எடுத்தபோது, கடலூரிலிருந்து அவள் தம்பி வந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, மணியின் முடியை விலக்கிப் பார்த்தான்.

"மாமா, நீங்க அப்பன் ஆவப்போறீங்க, தாடி வச்சிருக்கீங்க. இவன் எதுக்கு வச்சிருக்கான்? முடி குத்திக் கண்ணு புண்ணாயிருக்கு. விளக்கு வெளிச்சத்துல நம்ம நிழல்தான் தெரியுது, பயந்து உறுமுறான். மூஞ்சியில ஒட்ட வெட்டி, வாரம் ஒருக்கா சீவி விட்டாப் போதும்."

நான் பிடித்துக்கொள்ள அவன் வெட்டினான். சிவந்த இரண்டு கண்கள் வெளியே வந்தன. மணி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். பிறகு என் மனைவியின் காலடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

இன்றும் பூஜையில் கண்ணை மூடினால் அந்தக் கண்கள்தான் வருகின்றன. முடிக்குப் பின்னாலிருந்து அத்தனை நாளும் அவை எங்களைத் தேடியிருக்கும். அன்று அவனை விட்டுவிட்டு வந்திருந்தால், எந்தச் சன்னதியில் நின்று அதைச் சொல்லியிருப்பேனோ தெரியவில்லை.