எலும்பும் காலும் பாகம் பிரிந்த கதை

நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி போகலாம் என்று பெரம்பலூரில் ஜெர்மன் வகுப்பில் சேர்ந்தேன். அந்த மாதமே வேப்பந்தட்டை ரோட்டில் அப்பா மொபெட்டோடு விழுந்து இடது காலை முறித்துக்கொண்டார். அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் கைத்தடி இல்லாமல் நடக்கும்வரை விமானம் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பிடிவாதத்தில் நான் அவர் பெண்.

மாவுக்கட்டோடு கிடந்தவருக்குப் பொழுது போகவில்லை. நான் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "இன்னிக்கு என்ன சொல்லிக் குடுத்தாங்க?" என்பார். உடல் உறுப்புகள் பாடம் நடந்த அன்று சொன்னேன். ஜெர்மனில் 'பைன்' என்றால் கால். ஆங்கிலத்தில் எலும்பை 'போன்' என்கிறோமே, இரண்டும் ஒரே பழைய சொல்லிலிருந்து வந்தவை. சுவீடன்காரர்கள் இன்னும் காலுக்கும் எலும்புக்கும் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள்.

அப்பா ஜன்னல் கம்பியில் மாட்டியிருந்த எக்ஸ்ரேவைப் பார்த்தார். மறுநாளிலிருந்து ரொட்டியும் ஆரஞ்சுமாக விசாரிக்க வந்தவர்களுக்கெல்லாம் பாடம் நடந்தது.

"எல்லாம் ஒரே வூட்டு அண்ணன் தம்பிங்க. பாகம் பிரிச்சப்ப இங்கிலீஷ்காரன் எலும்ப எடுத்துக்கிட்டான். ஜெர்மன்காரன் காலையே எடுத்துக்கிட்டான். சுவீடன்காரன் ரெண்டையும் அமுக்கிட்டான்."

வெங்காய வியாபாரி ஒருவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "அப்ப சுவீடன்காரன் மூத்தவனா இருப்பானோ?" என்றார்.

"இருக்கும்" என்றார் அப்பா. பாகப்பிரிவினையில் பெரியப்பாவுக்குக் கிணற்றை விட்டுக்கொடுத்துவிட்டு மானாவாரிக் காட்டோடு வந்தவர் அவர்.

நான் ஜெர்மன் பரீட்சையில் தேறினேன். வேலை உத்தரவும் வந்தது. கட்டுப் பிரித்து ஒரு மாதமாகியும் அப்பா தடியை விடவில்லை. வர இயலாது என்று எழுதிப்போடப் போவதாக ஒருநாள் அவரிடம் சொன்னேன்.

மறுநாள் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினால், ஸ்டாப்பில் தடியில்லாமல் நிற்கிறார். எனக்கு முன்னால் வீடுவரை விறுவிறுவென்று நடந்தார். பின்னாலிருந்து பார்த்தேன். பாரம் முழுக்க வலது காலில்தான். நான் நர்ஸ் என்பது அவருக்கு மறந்துவிட்டது போல.

வீட்டில் வேட்டியை விலக்கிப் பார்த்தேன். கால் வீங்கியிருந்தது.

"வலிக்குதாப்பா?"

"எலும்புதான் வலிக்குது. கால் நல்லாத்தான் நடக்குது. பாகம் பிரிச்சா ஆளுக்கு ஒண்ணுதான் பாப்பா வரும். எலும்பு எனக்கு இருக்கட்டும். கால நீ எடுத்துக்கிட்டுக் கெளம்பு."

அழுதுகொண்டேதான் ஒத்தடம் கொடுத்தேன். அந்த வாரமே டிக்கெட் போட்டேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கிணற்றை விட்டுக்கொடுத்துவிட்டு வந்த அன்றும் இதே முகத்தைத்தான் வைத்திருந்தார்.