டிரைவர் சாப்பிடாத மெஸ்

எங்கள் கம்பெனி பஸ் டிரைவர் பென்னலூர்க்காரர். ஒல்லியான ஆள். பேசும்போதெல்லாம் தோள் துண்டால் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பார். மெட்ராஸில் அவர் குறை சொல்லாத கடையே இல்லை.

"அந்த ஓட்டல்ல சாம்பாரு தண்ணி, பில்லு மட்டும் கெட்டி. ரங்கநாதன் தெருவா? புதுச்சட்டை வாங்கறதுக்குள்ள போட்டுகினு கீற சட்டை கிழிஞ்சிடும்பா."

அம்மாவுக்குப் பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன் என்று நாள் குறித்திருந்தார்கள். நான் எட்டாவதோடு நின்றவன். எந்தச் சீட்டை எங்கே நீட்டுவது, அம்மா பிழைப்பாளா என்று ஒரே பயம். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, "ஆஸ்பத்திரி பக்கம் சாப்பாட்டுக்கு எந்தக் கடைண்ணே நல்லது?" என்று மட்டும் கேட்டேன்.

துடைத்த கை நின்றது. "எதிர்ச்சந்துல ஒரு மெஸ்ஸு கீது. அங்க போ."

"சாப்பாடு நல்லாருக்குமாண்ணே?"

"தெரியாதுபா. ஒரு வாய்கூட துன்னல. எலையப் போட்டுகினு சாயங்காலம் வரிக்கும் குந்திகினு இருந்தேன். எவனும் எழுந்திருன்னு சொல்லல."

ஆஸ்பத்திரியில் யாருக்காகக் காத்திருந்தார் என்று நான் கேட்கவில்லை.

ஆபரேஷன் அன்று அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். அம்மா பிழைத்துக்கொண்டாள். மறுநாள் அதே மெஸ்ஸில் சாப்பிட்டேன். சாம்பார் நன்றாகத்தான் இருந்தது.

அதை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.