பார்சல் டேப் சுற்றிய கிளை

ஒரு தலை முடிந்து அடுத்த தலை உட்காருவதற்குள் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் சுமியே அக்கா தன் சலூனின் பின்கதவைத் திறந்துகொண்டு போய்விடுவார். அங்கே பலகை அடுக்குகளில் நாற்பது தொட்டிகள், நாற்பது குட்டி மரங்கள். ஒவ்வொன்றின் மண்ணிலும் சுண்டுவிரலை முதல் கணு வரை நுழைத்துப் பார்ப்பார். சிலவற்றுக்குத் தண்ணீர் உண்டு. சிலவற்றுக்கு வெறும் தலையசைப்புதான். திரும்பி வந்து கை கழுவி, காத்திருப்பவர் கழுத்தில் துணியைக் கட்டுவார்.

ஜப்பானின் தகமாட்சு நகரில், தண்டவாளத்தை ஒட்டிய அந்தச் சலூனில் பதினேழு வருடமாக என் தலை அவர் பொறுப்பில் இருக்கிறது. பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார்.

"என் தலைக்குப் பத்து நிமிஷம், மரத்துக்கு மட்டும் பத்து வருஷமாக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"உங்க முடி மூணு வாரத்துல திரும்ப வந்துரும். அதுவும் இப்பல்லாம் கொஞ்சம் கம்மியாத்தான் வருது" என்று கண்ணாடியில் என் உச்சந்தலையைக் காட்டினார்.

அவருக்கு இப்போது அறுபத்தாறு வயது. முப்பத்தெட்டு வருடம் முன்பு கோயில் சந்தையில் ஒரு மேப்பிள் போன்சாயை வாங்கி, டிவி பக்கத்தில் வைத்தார். மூன்றே மாதத்தில் அது போய்ச் சேர்ந்தது. "பொம்மைன்னு நெனச்சுட்டேன். மரம்னு யாரும் சொல்லலை" என்பார். அடுத்து வந்த ஜூனிபர், செத்த பிறகும் இரண்டு மாதம் பச்சையாகவே நின்றது. அதற்கும் நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். இப்படிப் பதினொன்று. புதிதாக வளர்க்க ஆரம்பித்தவர் யாராவது பெருமை பேசினால், "அதெல்லாம் இருக்கட்டும், எத்தனையைக் கொன்னீங்க?" என்றுதான் கேட்பார்.

நிலைத்தது ஒரு கருப்புப் பைன். நகரின் மேற்கே பைன் தோட்டம் வைத்திருக்கும் மிசோபுச்சி, கோணல் என்று ஒதுக்கிய கன்று அது. கேட்டு வாங்கி வந்தார். முன்பக்கமாக நீண்ட ஒரு கிளையைக் கம்பி சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக அழகாகத் தாழ்த்த ஒன்பது வருடம் ஆயிற்று. "எங்க வீட்டுக்காரரைக்கூட இவ்ளோ பொறுமையா வளைக்கலை." ஊர்க் கண்காட்சிக்கு இரண்டு முறை கொண்டுபோனார். "கிளைதான் தெரியுது, மரத்தைக் காணோமே" என்று இரண்டு முறையும் திருப்பி அனுப்பினார்கள்.

வீட்டுக்காரர் ததாவோ ஓய்வுபெற்ற தபால்காரர். காலையில் ஊதோன் நூடுல்ஸ் கடையில் நின்றபடியே ஒரு கிண்ணம் சாப்பிடுவதைத் தவிர வேறு பித்து இல்லாதவர். மரங்களைத் தொடுவதே இல்லை.

மூன்று வருடம் முன்பு செப்டம்பரில், தங்கைக்கு முழங்கால் அறுவை சிகிச்சை என்று சுமியே ஒசாகா போயிருந்தார். வேறெங்கோ போகவிருந்த புயல் இந்தப் பக்கம் திரும்பியது. ததாவோ நாற்பது தொட்டிகளையும் ஒவ்வொன்றாகச் சலூனுக்குள் சுமந்தார். கடைசியாக வந்தது பைன். காற்றில் கதவு அதன்மேல் அறைந்தது. அந்தக் கிளை பட்டையில் மட்டும் தொங்கியது.

சுமியே திரும்பிய அன்று நான் முடிவெட்டக் காத்திருந்தேன். முறிந்த இடத்தில் பார்சல் டேப், ஓரங்கள் மடித்து, கச்சிதமாகச் சுற்றியிருந்தது.

"இது என்ன?"

"ஒட்டிக்கும்னு நெனச்சேன்" என்றார் ததாவோ.

"ஸ்டாம்பு ஒட்ட மறந்துட்டீங்களே."

யாரும் சிரிக்கவில்லை. அதன்பின் பதினொரு நாள் சுமியே அவரோடு பேசவில்லை. ததாவோ தினமும் மனைவிக்குப் பிடித்த இறால் தெம்புரா வறுவல் வாங்கி வந்து மேசையில் வைத்தார். அது தினமும் ஆறிக் கிடந்தது. கிளை பழுப்பேறியதும் சுமியேவே அதை அறுத்தெடுத்தார். காயத்தைப் பார்க்கப் பொறுக்காமல், மரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்.

அடுத்த ஏப்ரலில் ஒரு காலை, பின்னாலிருந்து கூப்பாடு. "ஏங்க! சீக்கிரம் இங்க வாங்க!"

ததாவோ வாயில் பற்பசையோடு ஓடினார். "இப்ப என்ன ஒடஞ்சது?"

"ஒண்ணும் ஒடயலை. இப்படிக் குனிஞ்சு பாருங்க."

திருப்பி வைத்ததில் முன்னால் வந்திருந்த பக்கத்தில், தண்டு வேரிலிருந்து ஒருமுறை வளைந்து, நம்மைப் பார்த்து லேசாகக் குனிந்து மேலேறியது. "இருபத்தேழு வருஷமா இதோட முதுகைப் பாத்துட்டு, முகம்னு நெனச்சுட்டிருந்திருக்கேன்!" என்றார் சுமியே. அன்றிலிருந்து அந்தப் பக்கம்தான் முகம். மறுபடி கம்பி, மறுபடி ஊசியிலை கிள்ளல், இரண்டு வருடம்.

இந்தப் பிப்ரவரிக் கண்காட்சியில் மரத்துக்கு இடம் கிடைத்தது. பார்க்க நானும் போயிருந்தேன். தோட்டக்காரர் மிசோபுச்சி அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, வெகுநேரம் பார்த்தார்.

"பின்னாடி பெரிய கிளை ஒண்ணு இருந்திருக்கணுமே. அதை எடுத்துரணும்னு யாருக்குத் தோணுச்சு? எனக்கெல்லாம் அந்தத் தைரியம் வராது."

ததாவோ வாசலை நோக்கி மெல்ல நழுவத் தொடங்கினார். சுமியே அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்.

"இவருதான்யா. ஒரே போடு."

மிசோபுச்சி எழுந்து தலை குனிந்து வணங்கினார். காது சிவக்க ததாவோ இன்னும் ஆழமாகக் குனிந்தார்.

மிசோபுச்சி அடுத்த மேசைக்கு நகர்ந்ததும், சுமியே என்னிடம் பேனா கேட்டார். மரத்தின் முன்னால், வளர்த்தவர் பெயர் எழுதிய அட்டையைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அதை எடுத்துத் தன் பெயருக்குக் கீழே கணவரின் பெயரை எழுதினார், கொஞ்சம் சின்ன எழுத்தில்.