பஸ்ஸில் ஓடிய இந்தித் தொடர்

இன்று விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஓர் அம்மாவும் மகளும். மகளின் போனில் ஒரு இந்தித் தொடர் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. அதிலும் ஓர் அம்மா, ஒரு மகள்.

"எடுத்தவங்களோட சொந்தக் கதையாம்மா. பாதி நெஜம்" என்றாள் மகள். அம்மாவுக்கு இந்தி தெரியாது. மகள்தான் வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

நாக்பூரில் ஐந்து வருடம் குப்பை கொட்டியதில் எனக்கு இந்தி அத்துப்படி. விக்கிரவாண்டி வரை அவள் சரியாகத்தான் சொன்னாள்.

அப்புறம் திரையில் இருவரும் பருப்புக்கு உப்பு போதுமா என்று சண்டை போட்டார்கள்.

மகள் சொன்னாள்: "அந்தப் பொண்ணுக்கு பெங்களூர்ல வேலை கெடச்சிருக்குதாம்மா. அம்மா தனியா இருப்பாங்களேன்னு சொல்லாம வெச்சிக்கினு இருக்குதாம்."

அம்மா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "போவச் சொல்லு. அந்தம்மாவுக்குக் கை கால் நல்லாத்தான இருக்குது?"

திண்டிவனத்தில் பையை எடுத்துக்கொண்டு எழுந்தவர் மகளிடம் கேட்டார்: "நீ எப்ப வேலைல சேரணும்?"

தொடரின் பெயரைக் கேட்டு யாரும் இன்பாக்ஸுக்கு வராதீர்கள். அந்தக் காட்சி அதில் இல்லை.